ஊதாதீர்கள்!

1985-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டி உங்கள் கைக்கு வந்ததா? சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறதே என்று கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உலோக முனைகளை அரித்துவிடும். ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அப்படியும் பிடிவாதம் பிடித்தால், உள்ளேயுள்ள 72 முனை இணைப்பானை மாற்ற வேண்டியதுதான். புதிதாகச் செய்தது இன்றும் கிடைக்கிறது.

இன்னொன்று: 'செல்டா' போன்ற கேசட்டுக்குள் காசு வடிவில் சிறு பாட்டரி உண்டு. அதைக் கழற்றினால், பிள்ளை என்றோ சேமித்து வைத்த ஆட்டம் அழிந்துபோகும். அவனைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்! கழற்றிய பாட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே அபாயம்.