பழைய ஸ்பீக்கரை மாற்றுவதா, வேண்டாமா?



இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை.

அவருடைய அப்பா செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2007ஆம் ஆண்டு கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் வீட்டுக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு ஹோம் தியேட்டர். ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பாஸ் பெட்டி, டிவிடி ஓடும் பெட்டி ஒன்று. அந்த வருடத் தீபாவளிக்கு லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து படம் பார்த்தார்களாம். இப்போதோ, "பாட்டு இரைகிறது, பேச்சு விளங்கவில்லை" என்று அப்பா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். பக்கத்து வீட்டில் முகத்தைச் சுளிக்கிறார்கள். அப்பாவின் அதே ஆலையில் வேலை செய்யும் தம்பி, "இது பழசுக்கா, தூக்கிப் போடு" என்று கடைக்குப் போய் விலை கேட்டு வந்துவிட்டான். ரொக்கம் 2,600 வெள்ளி. தவணை என்றால் மாதம் 150 வீதம் 24 மாதம். அப்பாவோ, தன் பெட்டியைத் தூக்கிப் போடுவதா என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். "மாற்றலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் அந்தத் தவணையைப் பெருக்கிப் பாருங்கள். 3,600 வெள்ளி! ஒரு பெட்டிக்கு ஆயிரம் வெள்ளி கூடுதல். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளிக்கு வந்தது. இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே போகிற காரியம் இது. ஆகவே கையெழுத்துப் போடுமுன், வீட்டில் உண்மையில் பழசாகிப் போனது எது என்று கண்டுபிடிப்போம்.

ஸ்பீக்கர் என்பது எளிதில் பழசாகிற சாமான் அல்ல. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. கரண்டு ஏற இறங்கக் கூம்பு முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம்தான் சத்தம். அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925இல் வெளியிட்ட முறை இது. நூறு வருடமாகியும் இன்று கடையில் விற்கிற ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை இதே முறையில்தான் பாடுகின்றன. அதனால் "புது மாடல் ஸ்பீக்கர்" என்ற பேச்சைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள்.

கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. கூம்பைச் சுற்றி ஓரத்தில் ஒரு வளையம் இருக்கும். அது ரப்பரா, நுரைப் பஞ்சா என்று முன்பக்கத் துணியைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் நெடுங்காலம் உழைக்கும். (ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!) நுரைப் பஞ்சுதான் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் பிசுபிசுத்து, தொட்டால் உதிர்ந்துவிடும். பாஸ் பெட்டியில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டத் தெரிந்த ரிப்பேர்க்காரர் டவுனில் இருந்தால், புதுப் பெட்டி விலையில் ஒரு சிறு பங்கோடு போய்விடும்.

இன்னொரு சோதனை. வயரைக் கழற்றிவிட்டு, சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டக்" என்று சத்தம் வந்து கூம்பு அசைந்தால் சுருளுக்கு உயிர் இருக்கிறது. பிறகு கூம்பை விரல்களால் நாலு பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால் மட்டும் அந்த ஸ்பீக்கரைச் சந்தேகப்படலாம். வயர் முனையில் செம்பு பச்சை பூத்திருந்தால் அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி மாட்டுங்கள். மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் ரிப்பேர் வேலை பார்த்த நாளில் ஒரு பெரியவர், "பாஸே வரவில்லை தம்பி" என்று வந்தார். நான் திறந்துகூடப் பார்க்காமல், "பழசு ஐயா, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். கடன் வாங்கி மாற்றினார். பிறகொரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது பழைய ஜோடி மூலையில் அப்படியே கிடந்தது. ஒன்றில் வயர் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தது! ஒன்று காற்றைத் தள்ள மற்றது இழுத்தால் பாஸ் எப்படி வரும்? இரண்டு நிமிட வேலை. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். பழசாவது பெரும்பாலும் இதுதான். டிவிடி ஓட்டும் கண் மங்கும். இடி மின்னல் வரும். பல்லியும் எறும்பும் உள்ளே குடித்தனம் நடத்தி போர்டைப் பொசுக்கும். (மழை இருட்டினால் பிளக்கை மட்டுமல்ல, ஆண்டெனா வயரையும் பிடுங்கிவிடுங்கள்.) புது டி.வி. வாங்கியவர்களுக்கு இன்னொரு தொல்லை: டி.வி.யின் சத்தத்தை ஒரே கேபிளில் பெட்டிக்கு அனுப்பும் ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்ற வசதி 2009இல்தான் வந்தது. உங்கள் பெட்டி 2007. ஆனால் பின்னால் 'ஆப்டிக்கல்' என்று ஒரு சதுர ஓட்டை இருந்தால் போதும். அதற்கொரு கேபிள் வாங்கி மாட்டலாம். மாட்டியும் சத்தம் வராவிட்டால், டி.வி.யின் சத்த அமைப்பில் பி.சி.எம். என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய முறையில் வரும் ஒலியைப் பழைய பெட்டியால் பிரிக்க முடியாது, அவ்வளவுதான்.

பேச்சு விளங்கவில்லை என்றீர்களே, அதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். படத் தட்டில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாகப் பதிந்திருக்கும். ஆனால் டி.வி.யிலிருந்து சிவப்பு வெள்ளை வயரில் வருவது இடம், வலம் என்று இரண்டே. அப்போது பல பெட்டிகளில் நடு ஸ்பீக்கர் சும்மா உட்கார்ந்திருக்கும். ரிமோட்டில் 'புரோ லாஜிக்' என்று இருந்தால் போடுங்கள்; பேச்சு நடுவுக்கு வந்துவிடும். நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் கொஞ்சம் கூட்டி, பாஸைக் குறையுங்கள். அதன் முன்னால் பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். மூலையில் முட்டிக்கொண்டிருக்கிற பாஸ் பெட்டியைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் இரைச்சல் அடங்கும்.

பெட்டி முற்றிலும் செத்துப்போய், போர்டும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் புதுசைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பழைய ஸ்பீக்கரை வேறு ஆம்பிளிபயரில் மாட்டுமுன் பின்னால் எத்தனை ஓம் என்று பாருங்கள். இந்தச் செட்டுகளில் 3 ஓம், 4 ஓம் என்று இருக்கும். 6 ஓமுக்கும் 8 ஓமுக்கும் செய்த ஆம்பிளிபயரில் மாட்டினால் சூடேறிப் போய்விடலாம். அட்டைப் பெட்டியில் 'ஆயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். வாட்ஸ் உண்மையிலேயே இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்குக் கொஞ்சம் கூடியதாகத் தெரியும், அவ்வளவே. சின்ன வீட்டுக்கு டி.வி.க்கு அடியில் வைக்கும் நீளப் பெட்டி, அந்த 'சவுண்ட் பார்', போதும்.

இத்தனையும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒரு வரி உறுத்தியது. கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவர் என்கிறீர்கள்.

இன்று மாலையே ஒன்று செய்யுங்கள். உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிற அளவில் செய்தியை வைத்து, அப்பாவையும் தம்பியையும் ஒரே இடத்தில் உட்காரவையுங்கள். உங்கள் இருவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கி, அப்பாவுக்கு மட்டும் விளங்கவில்லை என்றால், ஸ்பீக்கர் மேல் பழி போடாதீர்கள். பல வருடம் இரைச்சலில் நின்ற காதும், வயதான காதும் முதலில் இழப்பது கீச்சென்ற மேல் ஸ்தாயியை. சொல்லைப் பிரித்துக் காட்டும் ச, த, ப, க எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆள் பேசுவது கேட்கும். 'பால்' என்றாரா 'கால்' என்றாரா என்பது கேட்காது. பாட்டின் மத்தளம் மட்டும் நன்றாகக் கேட்கும். "இரைகிறது, விளங்கவில்லை" என்று அப்பா சொன்னது இதுதானோ என்று எனக்குச் சந்தேகம். சத்தத்தைக் கூட்டினால் மத்தளம்தான் கூடும்.

அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சில நேரம் வெறும் காதழுக்காகவே இருந்து, எடுத்ததும் சரியாகிவிடும். இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். காது மெஷின் தேவையா என்று அங்கே சோதிப்பார்கள். ஆலை இரைச்சலால் வரும் காது மந்தம் சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டதால் கிடைத்தே தீரும் என்று ஆசை காட்டமாட்டேன். டாக்டரின் அறிக்கையோடு அவர்கள் அலுவலகத்தில் ஒரு நடை விசாரியுங்கள்.

அப்பாவின் காலத்தில், 1989ஆம் ஆண்டு விதியின்படி 90 டெசிபல் வரை அனுமதித்திருந்தார்கள். 2019 ஜூன் முதல் தேதியிலிருந்து எட்டு மணி நேர வேலைக்கு 85தான் எல்லை. கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த எல்லையைத் தொட்டாயிற்று என்று பொதுவாகச் சொல்லலாம். உள்காதில் செத்துப்போன நுண்மயிர் மறுபடி முளைப்பதில்லை.

சகோதரி, பதில் எழுதும்போது மூன்று விஷயம் எழுதுங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறது? அப்பாவின் காதைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார்? தம்பி ஆலைக்குள் போகும்போது காதடைப்பான் போடுகிறானா, இல்லை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறானா?

அடுத்த வாரம் சந்திப்போம்.