செல்கள் தேறாவிட்டால் யார் பொறுப்பு?

ரத்தப் புற்றுநோய்க்கான உள்நாட்டு கார்-டி செல் சிகிச்சையைக் குடியரசுத் தலைவர் 2024 ஏப்ரல் 4 அன்று மும்பை ஐஐடியில் தொடங்கிவைத்தார். அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்றார்கள். எங்கள் கொடுமுடியில் மஞ்சள் பயிரிடும் குடும்பத்துக்கு அதுவும் எட்டாத தொகைதான். முதலமைச்சர் காப்பீட்டின் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்.

ஆனால், என் கவலை விலை மட்டுமன்று. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த டி செல்களை ஆய்வகத்தில் தூண்டிவிட்டால்தான் அவை புதிய மரபணுவை நன்கு ஏற்றுப் பெருகும். தூண்டல் குறைந்தால் பெருக்கம் இல்லை. மிகுந்தால், உடலுக்குள் திரும்புமுன்பே களைத்துவிடும். பல சுற்று கீமோதெரபி கண்டவரின் செல்களோ ஏற்கெனவே சோர்ந்திருக்கக் கூடியவை. அவை தேறாவிட்டால் செலவை யார் ஏற்பது? காப்பீட்டு வரம்பை உயர்த்துமுன், நிறுவனங்களிடம் அரசு எழுத்தில் பெற வேண்டிய பதில் இது.