ஆலயத்திற்கு அணியும் ஆடை

மெய்யன்பர்களே,

ஆடித் திருவிழாவிற்கு நம் ஆலயம் அலங்கரிக்கப்பட்டு வரும் இவ்வேளையில், செயலாளர் என்ற முறையில் ஒன்றைத் தங்கள் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன். அன்னைக்குச் சாத்தும் ஆடையைப் பற்றி நாம் பலவாறு பேசுகிறோம். அவள் சந்நிதிக்கு நாம் உடுத்தி வரும் ஆடையைப் பற்றியும் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1970களின் பிற்பகுதியில் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். பால்மரம் வெட்டிய எங்கள் பெற்றோருக்கு அந்நாளில் உடை இரண்டே வகை. ஒன்று வேலைக்காட்டுக்கு, மற்றொன்று பெட்டிக்குள். சம்பள நாளன்று துணிமூட்டையுடன் சைக்கிளில் வரும் வியாபாரியிடம் தவணைக்கு வாங்கிய நைலக்ஸ் புடவையே தீபாவளிக்கும், திருமணத்திற்கும், மாரியம்மன் திருவிழாவிற்கும் ஆயிற்று. திருவிழாவிற்கு முதல் நாள் என் தந்தையார் வேட்டிக்குக் கஞ்சியிட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து வைப்பார். ஆண்டெல்லாம் ரப்பர்ப் பால் வாடை வீசிய மனிதர், மறுநாள் தும்பைப்பூப்போல் நிற்பார்.

இன்று நம் அலமாரிகள் நிறைந்துள்ளன. முகூர்த்தத்திற்குப் பட்டு வேட்டி, மாலை விருந்திற்குக் கோட்டு, ஆலயத்திற்கு ஜிப்பா, பெண்களுக்குச் சுடிதார் எனக் காலம் மாறியுள்ளது. முடிச்சிடத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் வந்துவிட்டது. இவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால், ஒரு புறம் அரைக்கால் சட்டையுடன் சந்நிதிக்கு வருவோரும், மறுபுறம் பட்டையும் நகையையும் போட்டியாக்குவோரும் பெருகியிருப்பது வேதனைக்குரியது. இல்லாதவர் வரக் கூசும் இடமாக ஆலயம் ஆகலாமா?

என் தவறொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டுத் திருவிழாவின்போது, தொழிற்சாலைச் சீருடையில் வந்த இளைஞர் ஒருவரை வாயிலில் நிறுத்தி, "வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள், தம்பி" என்றேன். "இரவு வேலை முடிந்து நேராக வருகிறேன், ஐயா" என்றவர், வெளியே நின்றபடியே கும்பிட்டுவிட்டுச் சென்றார். பிறகு அவரை நான் காணவில்லை. வேலைக்காட்டிலிருந்து திரும்பும் வழியில் என் தந்தையாரும் அழுக்கு உடையுடன் தோட்டத்துக் கோயிலின் முன் நின்று கும்பிட்டவர்தாம். அவரை எவரும் தடுத்ததில்லை. இது அன்றிரவுதான் என் நினைவிற்கு வந்தது.

1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வரும் பத்துமலையைப் பாருங்கள். மஞ்சள் ஆடையுடன் 272 படிகளில் ஏறும் பக்தர்களுள் முதலாளி யார், தொழிலாளி யார் என்று எவரால் கூற முடியும்? மரியாதை தூய்மையிலும் அடக்கத்திலும் உள்ளது, விலையில் இல்லை.

ஆகவே, இவ்வாண்டு நம் ஆலய வாயிலில் சலவை செய்த வேட்டிகளும் துண்டுகளும் வைக்கப்படும். தேவைப்படுவோர் உடுத்திக்கொண்டு, வழிபாட்டிற்குப் பின் திருப்பித் தரலாம். தங்கள் பெட்டியில் உறங்கும் நல்ல வேட்டிகளை இப்பணிக்கு வழங்குமாறு அன்பர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வேலை முடிந்து வரும் எவரும் தயங்க வேண்டாம். முதல் வேட்டியை நானே எடுத்துத் தருவேன்.

அனைவருக்கும் அன்னையின் திருவருள் கிட்டுவதாக.

செயலாளர்,
ஆலய நிர்வாகக் குழு