கொட்டிவிட்ட கடற்பாசி

குளிரைத் திட்டாத தமிழ்க் குடும்பம் டென்மார்க்கில் இல்லை. நாமும் வேண்டிய மட்டும் திட்டியிருக்கின்றோம். ஆயினும் அதே குளிர் தேர்ந்த கைவினைஞனும் ஆகும் என்பதை இவ்வாரம் எழுத நேர்ந்தமைக்கு ஒரு பழைய சம்பவமே காரணம்.

நாம் இந்நாட்டிற்கு வந்த முதல் மாரியில், யூலண்டில் அகதிகள் முகாமொன்றில் இருந்தபோது, மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. கடை இனிப்புகள் பலவற்றில் பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலற்றீன் உண்டென அறிந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கடற்பாசியைச் சீனியிட்டுக் காய்ச்சித் தட்டத்தில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் இடமின்மையால் யன்னலுக்கு வெளியே வைத்தோம். விடியப் பார்த்தால் கல்! அறைக்குள் இளகியதும் தண்ணீர் வேறாக ஓடி, ஓட்டைகள் நிறைந்த பஞ்சுபோன்ற ஒன்றே எஞ்சியது. பிள்ளை அழுதாள். நாம் அதைக் கொட்டிவிட்டோம்.

அன்று நாம் கொட்டியது பழுதான பண்டமன்று. 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய விடுதிக்காரர் ஒருவர் மிஞ்சிய பாசிக்களியை மாரிக் குளிரில் வெளியே போட, அது இரவில் உறைந்தும் பகலில் இளகியும் ஈற்றில் இலேசான காய்ந்த பஞ்சாகியது என்றும், அதனை மீண்டும் காய்ச்சியபோது முன்னிலும் தெளிந்த களி கிடைத்தது என்றும் ஒரு கதை உண்டு. நாம் பைக்கற்றில் வாங்கும் அகர் அகர் பிறந்த விதம் இதுவே.

நீர் உறையும்போது அதன் பளிங்குகள் தம்முள் நீரையன்றி வேறெதையும் அநேகமாகச் சேர்ப்பதில்லை. கரைந்திருந்தவற்றை அவை ஒதுக்கித் தள்ளுகின்றன. எல்லாப் பக்கத்தாலும் குளிர் தாக்கினால் பளிங்குகள் கண்டபடி வளரும். பக்கங்களைப் பொதிந்து, அடியிலிருந்து மட்டும் குளிரை ஏற்றினாலோ, அவை பனந்தோப்பு மரங்களென ஒரே திசையில் நிரையாக எழும். இடையில் நெருக்குண்ட பொருள் சுவராகும். பனிக்கட்டி நீங்கியபின் மரங்கள் நின்ற இடமெல்லாம் நெடுந்துளைகள். விரைந்து உறைந்தால் நுண்துளை. மெல்ல உறைந்தால் பெருந்துளை.

டென்மார்க்கிற்கும் இதில் ஒரு பங்குண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய அகர் வரவு நின்றபோது, டெனிஸ்காரர் கட்டகாட் கடலின் செம்பாசியொன்றை வாரிக் காய்ச்சிக் களியாக்கினர். களியை இழைகளாக்கி, உறையவைத்து இளக்கி நீரைப் பிரித்த அப்பொருள் 'டெனிஸ் அகர்' எனப் பெயர் பெற்றது. அளவின்றி வாரியதால் 1960களில் அப்பாசி அருகியது என்பது வேறு கதை. எமது புத்தளம், கற்பிட்டி, திருகோணமலைக் கடல்களிலும் 'சிலோன் மொஸ்' என ஆங்கிலேயர் அழைத்த பாசி விளைந்தது. ஆனால் எமக்கு உறைபனி வாய்க்கவில்லை!

2006இல் அமெரிக்காவின் பேர்க்லி ஆய்வுகூடத்தில் சில்வெயின் டெவிலும் சகாக்களும் எலும்பிலுள்ள கனிமத்தையொத்த தூளை நீரில் குழைத்து ஒரு திசையாக உறையவைத்தனர். பின்னர் பனிக்கட்டியை உருகவிடாது நேரே ஆவியாக்கிச் சூளையிலிட்டபோது, சிப்பியின் உள்ளோடு போன்று அடுக்கடுக்கான, துளைகள் நிறைந்த, ஆயினும் உறுதியான பொருள் கிடைத்தது. இழந்த எலும்பின் இடத்தில் அதனை வைத்துத் துளைகளூடே புதிய எலும்பை வளரச்செய்வது அவர்களது நோக்கங்களுள் ஒன்று. ஷெல்லடியில் காலெலும்பு சிதைந்தோருடன் வாழ்ந்த எமக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தியாகப் படவில்லை. ஆய்வுகூடத்திலிருந்து வைத்தியசாலைக்குள்ள தூரம் நெடியது என்பதையும் அறிவோம்.

கலை பட்டதாரியான எமக்கு இதையெல்லாம் வாசிக்கத் தூண்டியவள் பேர்த்தி. தாயின் பிறந்தநாள் அழுகையைக் கேட்டவள், "ஏன் அம்மப்பா அப்படி வந்தது?" என டெனிஸ் மொழியில் வினவினாள். விடை தெரியாதிருந்தது.

சென்ற சனிக்கிழமை இருவருமாகச் சீனியின்றிக் கடற்பாசி காய்ச்சினோம். தகர அடியுள்ள கேக் தட்டில் ஊற்றி, பக்கங்களையும் மேற்புறத்தையும் பழைய கம்பளியால் சுற்றி, உறைபெட்டியின் அடித்தட்டில் ஓரிரவும் பகலும் வைத்தோம். இளகியபின் கத்தியால் நெடுக வெட்டியபோது, அடியிலிருந்து மேல்நோக்கிக் கோடுகள் தெரிந்தன. பிழிந்த நீர் ஒரு கோப்பை. பஞ்சை அவள் வெப்பமூட்டியின்மேல் காயவைத்திருக்கின்றாள், தொடக்கூடாதென்பது கட்டளை.