நற்சொல் மேலேறுக!

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, கொள்ளிடமும் காவிரியுமாகத் திருவரங்கத்தைத் தழுவி ஓடுகின்றது. மேலிருந்து வரும் நீரை முற்றும் மறித்தால் வயல் காயும். முற்றும் திறந்துவிட்டால் பயிர் அழியும். 1836-38ஆம் ஆண்டுகளில் கட்டப்பெற்ற மேலணையின் பணி மறித்தலன்று, பகுத்து ஆளுதலே.

கணிப்பொறித் தமிழுக்கும் அவ்வறிவே வேண்டும். அயல்நாடுகளில் உருவாகும் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் இளைஞர், 'பாசுவேர்டு' என்றிருப்பதைக் 'கடவுச்சொல்' என்று தம் படியில் திருத்துகின்றனர். சின்னாளில் மேலிருந்து புதிய பதிப்பு வருகின்றது. சிலர் அதனை அப்படியே ஏற்றுத் தம் சொற்களைப் புதைத்து விடுகின்றனர். வேறு சிலர், சொல் போகுமென அஞ்சிப் பழம்பதிப்பையே கட்டிக்கொண்டு, குறை நீங்காத, காப்பற்ற கருவியோடு பின்தங்குகின்றனர். முன்னவர் மொழியை இழக்கின்றனர். பின்னவர் அம்மொழியைப் பயன்கொள்ளும் மக்களை இழக்கின்றனர்.

இரண்டும் வேண்டா. 2005இல் இலினசு தோர்வால்டுசு உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி, இரு கிளைகளும் பிரிந்த பொதுப்பதிப்பைக் கண்டறிந்து, ஒருபுறம் மட்டும் மாறியதைத் தானே ஏற்கும். ஒரே வரி இருபுறமும் வேறுவேறாக மாறியிருப்பின், இரண்டையும் குறியிட்டுக் காட்டி, முடிவை மாந்தனிடமே விடும். மொழியாக்கத்திற்கென அமைந்த 'கெட்டெக்சுட்டு'க் கருவியோ, ஆங்கிலத் தொடர் சிறிது மாறியவிடத்துப் பழைய தமிழ்த்தொடரை அழிக்காது, ஐயத்திற்குரியதெனக் குறித்து வைக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஏடுகளை ஒப்புநோக்கிச் செய்ததும் இத்தகைய பணியே. கருவி முரணைக் காட்டும். சொல்லைத் தேர்வது தமிழறிவு.

ஆகவே, இணைக்குமுன் தன் திருத்தங்களைப் பதிந்து வைத்தல் முதற்கடமை. முரண்பட்ட வரிகளை ஒவ்வொன்றாய் ஆய்ந்து முடிவு செய்தல் இரண்டாவது. சோம்பி, ஒரு பக்கத்தையே ஒட்டுமொத்தமாக ஏற்பது இணைப்பாகாது. சரணடைவு, அல்லது வீண்பிடிவாதம்.

மூன்றாவது கடமையே பெரிது. திருவரங்கத்து இளைஞன் ஒருவன் தன் படியில் மட்டும் வைத்துள்ள நற்சொல்லை ஒவ்வொரு புதுப்பதிப்பின்போதும் அவனே மீண்டும் காக்க வேண்டும். அவன் அயர்ந்த அன்றே அது மறையும். அதனையே மேலோர்க்கு அனுப்பி, அவர்தம் முதற்பதிப்பில் ஏற்கச் செய்வானாயின், அடுத்த பதிப்பு அச்சொல்லைத் தாங்கியே வரும். யாழ்ப்பாணத்தும் பினாங்கிலும் உள்ள தமிழர்க்கும் அது சென்று சேரும்.

காவிரி நீர் மேலேறாது. நற்சொல் மேலேறும், ஏற்றுவார் வேண்டும். தமிழிளைஞர் அதற்கு முன்வருக!