காய்ச்சல் சென்சார் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கம்ப்யூட்டரும் மொபைல் போனும் வாங்கியாயிற்று. உடல் வெப்பத்தை அளக்கும் வயர்லெஸ் சென்சார் ஒன்றும் வாங்கலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். நான் தெரிந்துகொள்ளாமல் வாங்கினேன்.

இதனுள் தெர்மிஸ்டர் என்ற சிறு பாகம் உள்ளது. சூடு மாறும்போது இதன் மின்தடையும் மாறும். அந்த மாற்றத்தை ஒரு சிப் டிகிரியாகக் கணக்கிட்டு, புளூடூத் மூலம் போனுக்கு அனுப்பும். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு இது நல்ல வசதி. 2020ல் கொரோனா பரவியபோது, உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு, சுவாச வேகம் ஆகிய நான்கையும் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் கருவியைச் சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும் ஹெலிக்ஸான் நிறுவனமும் உருவாக்கின.

என் அப்பா விஷயம் வேறு. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் பர்னஸ் பக்கத்தில் அவருக்கு வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு வெளியே வரும் இடம். கோடை தொடங்கியதும் கையில் கட்டும் சென்சார் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மே மாதத்தில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து அழைத்து வரப் போனேன். சட்டை நனைந்து, தள்ளாடியபடி வந்தார். என் போனில் 35.8 டிகிரி என்று பச்சை நிறத்தில் காட்டியது.

"மிஷின் நல்லா இருக்குன்னு சொல்லுது. எனக்குத்தான்பா தலை சுத்துது" என்றார்.

கிளினிக்கில் வாயில் தெர்மாமீட்டர் வைத்தார்கள். 38.9 டிகிரி!

சென்சாரில் பழுதில்லை. அது அளப்பது தோலின் வெப்பத்தை. வியர்வை ஆவியாகும்போது தோல் குளிர்ந்துவிடும்; உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். அது 40 டிகிரியைத் தாண்டி, பேச்சும் நினைவும் தடுமாறினால் ஹீட் ஸ்ட்ரோக், உயிருக்கே ஆபத்து. இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை நேரத்தில் அப்பாவின் போன் லாக்கரில் இருக்கும். அங்கே அலாரம் அடித்தால் யார் கேட்பது?

பெங்களூரில் உருவான பெம்பு வளையலைப் பாருங்கள். பச்சிளங் குழந்தையின் கையில் கட்டுவது. உடல் சூடு குறைந்தால் வளையலே ஒலி எழுப்பும். அம்மா குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்ளலாம். இதற்குப் போன் தேவையில்லை. தொழிலாளிக்கான கருவியும் இப்படித்தான் அணிந்தவரிடமே நேராகச் சொல்ல வேண்டும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024ல் அறிவித்தது. சென்சார் கட்டிவிட்டோம் என்று எந்த ஆலையும் குடிநீரையும் நிழலையும் ஓய்வையும் குறைத்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

வீட்டுக்கு வாங்கினால் அக்குளில் வைக்கும் வகையாக வாங்குங்கள். சந்தேகம் வந்தால் சாதாரண தெர்மாமீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள். திரை பச்சையாக இருந்தாலும், அணிந்தவர் முடியவில்லை என்றால் அவர் சொல்வதையே நம்புங்கள்.