சாணைக்கல்லும் துண்டுக்கூலியும்

திருமலை கல்யாணகட்டாவில் முடி காணிக்கை செலுத்த வருவோருக்கு அனுமதிச் சீட்டோடு பிளேடும் தரப்படுகிறது. அதைப் பாதியாக ஒடித்துப் பிடியில் பொருத்தியே தொழிலாளி தலை மழிக்கிறார். முந்தைய தலைமுறையின் கையில் இருந்தது தீட்டிய சவரக்கத்தி.

சாணைக்கல்லில் நீர் தெளித்து, கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படியுமாறு கிடத்தி, விளிம்பு முன்செல்லத் தள்ள வேண்டும். பின்னர்த் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுத்தால் பிசிறு நீங்கும். கூர் குறைந்த கத்தி மயிரை வெட்டாது, இழுக்கும், தோலைக் கீறும். சித்தூர்ப் பகுதிச் சிற்றூர்களில் மகன் தந்தையிடம் கற்ற வேலை இது. இதைக் குலத்தொழிலின் பெருமையாகப் பாடுவதற்கில்லை. அறுவடைக் களத்தில் தானியக்கூலிக்குக் காத்து நின்றதும் அதே கைகள்தாம்.

ஒரே கத்தி பல தலைகளைத் தொட்டால் இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ்-பியும் பரவக்கூடும். ஆகவே பிளேடு வந்ததை வரவேற்க வேண்டும். ஆனால் கத்தி தீட்டும் வேளை, குனிந்த முதுகுக்குச் சற்றே ஓய்வாகவும் இருந்தது. பிளேடு மிச்சப்படுத்திய அந்த நேரம் யாருக்குச் சேர்ந்தது?

நிரந்தர ஊழியர்களோடு துண்டுக்கூலித் தொழிலாளர்களும் அங்கே பணியாற்றுகின்றனர். இவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்றே கூலி. துண்டுக்கூலி என்பது நேரக்கூலியின் மாற்றுருவமே என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்வதால் மேற்பார்வையாளரின் வேலையும் குறைகிறது. பெரும்பாலான நாள்களில் 20,000 பேருக்கு மேல் முடி இறக்குகின்றனர். அம்முடி நீளவாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு ஏலம் போகிறது. தேவஸ்தானத்துக்கு ஆண்டில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். மழித்தவருக்கு இதில் பங்கு உண்டா என்று கேட்பவர் அரிது.

முடி இறக்கக் கட்டணமில்லை. பக்தர் மனமுவந்து தரும் பத்து இருபது ரூபாயோ குற்றமாகிறது. சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமான 2022ஆம் ஆண்டிலேயே, கண்காணிப்புப் பிரிவினரின் சோதனை தங்களை இழிவுபடுத்துவதாகக் கூறித் துண்டுக்கூலித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் போராடினர். கையூட்டை ஒழிக்க விரும்பும் நிர்வாகம் முதலில் துண்டுக்கூலியை ஒழிக்கட்டும். தலைகளை எண்ணாத மாத ஊதியம், வருங்கால வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு, பணிநேரத்துக்குள் ஊதியத்தோடு கூடிய ஓய்வு ஆகியவற்றை எழுத்துபூர்வமாக உறுதி செய்யட்டும்.